கேட்டு வாங்கிய சபைவிலக்கு

குனிஸாவைப் பற்றி இப்போது இரண்டு கட்சிக்காரர்களும் கதை சொல்கிறார்கள். ராஜா கட்சியில் அவள் பெரிய வீராங்கனை. போப்பாண்டவர் கட்சியில் அவள் ஒரு குருவைக் கெடுத்தவள். ஒரே தொட்டியில் அவளோடு பதினொரு வருடம் துணி அலசியவள் நான். எனக்குத் தெரிந்த குனிஸா இரண்டிலும் இல்லை.

அவள் எங்கள் ஜெர்மானிய நாட்டு லெஹ் ஆற்றில் தெப்பம் ஓட்டும் குடும்பத்தில் மூன்றாவது பெண். பதினேழு வயதில் அவளை மீன்துறைக் கோயில் குரு ரபோட்டோவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். குருவுக்கு மனைவி இருப்பது அந்தக் காலத்தில் யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. அவருக்கு முன்னால் அந்தக் கோயிலில் இருந்த குருவுக்கும் மனைவி இருந்தாள். அதற்கும் முன்னால் இருந்தவர் அந்தக் குருவின் தகப்பனார்தான். கல்யாணத்துக்கு ஊரே வந்து பீர் குடித்தது. ஒரு பெண் பிறந்தாள், லியூட்கார்ட். கோயில் துணிகளை வெளுப்பதும் மெழுகுத்திரி வார்ப்பதும் அப்பம் சுடுவதும் குனிஸாவின் வேலை. ரபோட்டோ சாமி பூசை வைப்பார், பெரிய மனிதர்கள் பேசினால் தலையாட்டுவார். நல்ல மனிதர். யார் வந்து எதைச் சொன்னாலும் தலையாட்டுவார் என்பதுதான் அவரிடம் இருந்த கோளாறு.

பிறகு ரோமிலிருந்து உத்தரவு வந்தது: குருக்கள் மனைவிகளை விலக்க வேண்டும், விலக்காதவர்களின் பூசைக்கு மக்கள் போகக் கூடாது. அதோடு நின்றிருந்தால் ஒரு தடவை அழுது தீர்த்திருக்கலாம். ஆனால் ராஜாவுக்கும் போப்பாண்டவருக்கும் சண்டை மூண்டது. ராஜா தன் கையால் மோதிரமும் கோலும் கொடுத்து ஒருவரை எங்கள் ஊர்க் கோயில்களுக்கெல்லாம் தலைவராக, ஆயராக்கினார். அது செல்லாது என்று போப்பாண்டவர் இன்னொருவரை ஆயராக்கினார். முதலாமவரை மோதிர ஆயர் என்போம். இரண்டாமவர் உட்கார இடமில்லாமல் படையோடு ஊர் ஊராக அலைந்ததால் அவர் நடை ஆயர். மோதிர ஆயர் ஊரில் இருந்தால் குருக்களின் மனைவிமார் வீட்டில் இருக்கலாம். தன் பக்கம் நிற்கும் குருவின் அடுப்படியை அவர் எட்டிப் பார்ப்பதில்லை. நடை ஆயர் ஊரைப் பிடித்தால் அன்று மாலைக்குள் பெண்கள் வெளியே போக வேண்டும்.

பதினொரு வருடத்தில் ஊர் ஐந்து முறை கைமாறியது.

நடை ஆயர் பிடிக்கும்போதெல்லாம் குனிஸா பாலத்தைத் தாண்டி எங்கள் நோயாளர் இல்லத்துக்கு வருவாள். பத்தொன்பது கட்டில்கள், நான், இரண்டு துறவறக் கன்னியர், ஒரு விறகுக்காரன். கூட இரண்டு கைகள் வந்தால் வேண்டாம் என்பேனா. வந்த அன்றே தொட்டியடிக்கு அனுப்பிவிடுவேன். உட்காரவைத்தால் அவள் எழுந்து நடப்பாள். கஞ்சி கொதிப்பதற்குள் வாசலுக்கு மூன்று முறை போய்ப் பாலத்தைப் பார்ப்பாள். தூங்கும்போதும் காலணியைக் கழற்ற மாட்டாள். எதிர்க்கரையில் குதிரைச் சத்தம் கேட்டால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு நிற்பாள்.

பாலத்துக் காவல்காரன் ஹாட்டோவுக்கு அவளைக் கண்டால் ஒரே கிண்டல்.

"என்னம்மா குனிஸா, இன்னிக்கு உள்ளயா, வெளியயா?"

"உங்க ஆயர் எந்தப் பக்கம் வர்றாரோ, அதுக்கு எதிர்ப்பக்கம்."

"எனக்கு ஏதும்மா ஆயர்? வர்றவருக்குக் கதவைத் திறக்கிறவன் நான்."

"எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் சொல்றாரு. அவராவது கோயில் சோறு தின்னுட்டுச் சொல்றாரு, உனக்கு என்னடா கேடு?"

ஒருமுறை நானே கேட்டேன், "இதுக்கு நீ ஒரேயடியா இங்கயே இருந்துடலாமே. ஒருநாள் வெயில், ஒருநாள் மழைன்னு இது என்னடி பொழப்பு?"

"அவருக்கு உப்பு எங்க இருக்குன்னு கூடத் தெரியாதுக்கா," என்றாள். தன் உணர்ச்சிகளைப் பற்றி அவளிடமிருந்து நான் கேட்ட நீளமான பேச்சு அதுதான்.

கடைசி முறை நடை ஆயர் பெரிய படையோடு வந்தார், அறுவடை முடிந்த கையோடு. குனிஸா வழக்கம்போல் மூட்டையைத் தோளில் போட்டாள். ரபோட்டோ சாமி வாசலை மறித்து நின்றார்.

"இந்தத் தடவை போக வேணாம்."

"ஏன், உடம்புக்கு என்ன?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. போக வேணாம்னு சொல்றேன், அவ்வளவுதான்."

இருபத்தாறு வருடத்தில் அவர் யாரையும் எதிர்த்துப் பேசி அவள் கேட்டதில்லை. எதனால் அன்று அப்படிச் சொன்னார் என்று அவளுக்கும் தெரியவில்லை. வயதாகிவிட்டது, சலித்துப் போயிருக்கும். விளைவு வேகமாக வந்தது. ஆட்கள் குனிஸாவை இழுத்துக்கொண்டு வந்து பாலத்துக்கு இந்தப் பக்கம் விட்டார்கள். மூன்றாவது ஞாயிறு பெரிய கோயிலில் பன்னிரண்டு குருக்கள் எரியும் மெழுகுத்திரிகளைத் தரையில் எறிந்து மிதித்து அணைத்து, ரபோட்டோவைச் சபையிலிருந்து விலக்கினார்கள்.

சபைவிலக்கு என்றால் அவரோடு யாரும் பேசக் கூடாது, கும்பிடு போடக் கூடாது, சேர்ந்து சாப்பிடக் கூடாது. மீறினால் மீறியவருக்கும் அதே விலக்கு. சாகும்போது எண்ணெய் தொட்டு வைக்கும் அவஸ்தைப்பூசுதல் இல்லை, கோயில் மண்ணில் குழி இல்லை. வீட்டு வாசலில் இரண்டு காவலர்களை நிறுத்தினார்கள்.

இரண்டு வாரம் கழித்து, கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. மணியடிக்கும் கோயில்பிள்ளை ஓடிவந்து வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு என்னிடம் சொன்னான். காவலர்கள் அவரைக் கம்பளியில் உருட்டி, கையில் படாமல் இழுத்து உள்ளே போட்டிருக்கிறார்கள்.

நான் போகவில்லை. அதை மறைப்பதற்கில்லை. நான் தொட்டால் எனக்கு விலக்கு, என்னோடு பேசும் கன்னியருக்கும், அவர்கள் சோறூட்டும் பத்தொன்பது பேருக்கும் விலக்கு, இல்லம் மூடப்படும். கணக்குப் போட்டேன், போகவில்லை. ஆனால் பக்கம் விழுந்த மனிதனைத் திருப்பிப் படுக்கவைக்க ஆளில்லாவிட்டால் ஐந்தாம் நாள் முதுகு பொத்துப்போகும் என்று எனக்குத் தெரியும். அதனால் நடை ஆயரின் விசாரணைக் குரு வால்டோவைக் கூப்பிட்டனுப்பினேன்.

வால்டோவுக்கு முப்பது வயதிருக்கும். இரும்புக் குரல், ஓயாத இருமல். தைம் இலைக் கஷாயத்தில் தேன் விட்டுக் கொடுத்து உட்காரவைத்தேன். குனிஸா உட்காரவில்லை.

"நான் போய்ப் பார்த்தேன்," என்றார் வால்டோ. "விலக்கை எடுக்கலாம்னுதான் போனேன். இந்தப் பொண்ணை விலக்கி வைக்கிறீரான்னு கேட்டேன். இல்லைங்கிறாரு. சரி, ஆயருக்குக் கீழ்ப்படியறீரான்னா இல்லை. தண்ணி வேணுமான்னா அதுக்கும் இல்லை. உமக்குப் பைத்தியமான்னு கேட்டேன், இல்லைன்னாரு."

"அந்த ஒரு வார்த்தைதான் மிச்சம் இருக்கும் சாமி," என்றேன். "பக்கவாதத்துல சில பேருக்கு ஒரே ஒரு சொல் நாக்குல ஒட்டிக்கும். நினைக்கிறது ஒண்ணு, வாயில வர்றது அது. போன வருஷம் ஒரு கொல்லர் 'ஆட்டுக்குட்டி'ன்னு மட்டும் சொல்லிட்டு நாலு மாசம் இருந்தாரு."

"வாழ்நாள் முழுக்கத் தலையாட்டுன மனுஷனுக்கு வந்த வார்த்தையப் பாரு," என்றாள் குனிஸா.

"அவர் வாயால சத்தியம் வராம நான் விலக்கை எடுக்க முடியாது. ஆனா அவரைப் பார்த்துக்க ஒரு வழி இருக்கு." வால்டோ ஒரு தோல் ஏட்டை விரித்தார். "நாடு முழுக்க இந்த விலக்குல மாட்டிக்கிச்சேன்னு போப்பாண்டவரே இரக்கப்பட்டு ஒரு தளர்வு குடுத்திருக்காரு. விலக்கப்பட்டவரோட மனைவி, பிள்ளைங்க, வீட்டு அடிமைங்க, இவங்க மட்டும் அவரோட பழகலாம். பாவம் இல்லை."

"அப்போ மனைவின்னு எழுதுங்க."

"குருவுக்கு மனைவி கிடையாதும்மா. அந்த வார்த்தையை நான் எழுதினா அடுத்த ஞாயிறு எனக்கு மெழுகுத்திரி எறிவாங்க."

"இருபத்தாறு வருஷம் அப்புறம் நான் யாரு?"

"அடிமைன்னு எழுதறேன். கோயிலுக்குச் சொந்தமான அடிமை, சாமியார் வீட்ல வேலைக்கு வச்சவ. சிலுவை மேல கை வச்சு ஒரு தடவை சொன்னாப் போதும், இன்னிக்கே போகலாம்." அவர் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஒரு வழி கண்டுபிடித்த சந்தோஷம்தான் இருந்தது.

குனிஸா ஏட்டைப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் தெப்பக்காரர் வீட்டுப் பெண்ணுக்குச் சட்டம் தெரியும்.

"தாய் அடிமைன்னா மக யாரு?"

வால்டோ இருமினார். நிறைய நேரம் இருமினார்.

"சொல்லுங்க சாமி."

"மகளும் அப்படித்தான். அவ பிள்ளைங்களும்."

லியூட்கார்ட் இரண்டு நாள் தொலைவில் மேலாற்றில் இருந்தாள். எகினோ என்ற தெப்பக்காரனின் மனைவி. சுதந்திரமான குடும்பம், சொந்தத் தெப்பம். இரண்டு பிள்ளைகள், மூன்றாவது வயிற்றில். தகப்பனைப் பார்க்க மகளாக அவளே வரலாமே என்றால் அதிலும் இதே பொறி. குருக்களின் பிள்ளைகள் கோயிலுக்கு அடிமை என்று போப்பாண்டவர் கட்சியில் ஒரு சட்டம் உண்டு. நான் இந்தக் குருவின் மகள் என்று அவள் வாயைத் திறந்தால் போதும். விலக்குச் செய்தி கேட்டதுமே 'நான் வரட்டுமா' என்று அவள் தெப்பக்காரர்களிடம் சொல்லியனுப்பியிருந்தாள். 'வந்தால் காலை ஒடிப்பேன்' என்று குனிஸா பதில் அனுப்பியிருந்தாள்.

"யோசிச்சுச் சொல்லும்மா," என்று சொல்லிவிட்டு வால்டோ எழுந்து போனார்.

அன்று முழுக்க அவள் ஓர் இடத்தில் நிற்கவில்லை. வெளுத்த துணியையே மறுபடி வெளுத்தாள். பாலம் வரை போவாள், வருவாள். மீன்துறையில் அவள் வீட்டுக் கூரை தெரியும். புகை இல்லாத கூரை. நோயாளி ஒருவருக்குக் கஞ்சி ஊட்டப் போய், இரண்டு கரண்டியோடு கிண்ணத்தை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

"கிண்ணத்தை முடிச்சுட்டு நட," என்றேன்.

"அக்கா, எத்தனை நாள் தாங்கும்?"

"திருப்பிப் போட ஆள் இல்லாம, தண்ணி இல்லாமயா? மூணு நாளாச்சு. கோயில்பிள்ளை ஜன்னல்ல வைக்கிற தண்ணிய அவரால எட்ட முடியாது. இன்னும் ரெண்டு நாள்."

பொய் சொல்லி ஆறுதல்படுத்தும் பழக்கம் எனக்கு இல்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை. முற்றத்தை இன்னும் நான்கு முறை சுற்றினாள். பிறகு என் முன்னால் வந்து நின்றாள்.

"விலக்கு வாங்குனவங்க ரெண்டு பேரு ஒருத்தரோட ஒருத்தர் பேசலாமா?"

நான் அதை யோசித்ததே இல்லை. "பேசலாம்னுதான் நெனைக்கிறேன். அதுக்கு மேல அவங்கள என்ன பண்ண முடியும்?"

"அதான் கேட்டேன்," என்று சொல்லிவிட்டுப் போய் மீதிக் கஞ்சியை ஊட்டி முடித்தாள்.

மறுநாள் காலை சந்தை நாள். மீன்துறையில் நல்ல கூட்டம். கோயில் வாசலில் நின்ற வால்டோவிடம் குனிஸா போனாள். நான் பின்னாலேயே போனேன்.

"யோசிச்சுட்டேன் சாமி. எனக்கும் விலக்குப் போடுங்க."

"என்னது?"

"சபைவிலக்கு. அவருக்குப் போட்டதே எனக்கும்."

"நீ என்ன தப்பும்மா பண்ணின? தப்பு இல்லாம விலக்குப் போட முடியாது."

"இருபத்தாறு வருஷம் அவருக்குச் சமைச்சேன்."

"அது அவருக்கு விலக்கு வர்றதுக்கு முன்னால."

"அப்போ இன்னிக்குச் சமைக்கிறேன்."

மீன்காரிகள் கூடையை இறக்கிவிட்டு நின்றார்கள். குனிஸா நேராக வீட்டுக்கு நடந்தாள். காவலர் இருவரும் ஈட்டியைக் குறுக்கே நீட்டினார்கள். அவள் குனிந்து அதன் அடியில் நுழைந்தாள். ஜன்னல் பலகையை விரியத் திறந்தாள். உள்ளே வைக்கோலில் அவர் கிடப்பதும் தெரிந்தது, அந்த நாற்றமும் தெருவுக்கு வந்தது. தன் தலைத்துணி முனையில் முடிந்து வைத்திருந்த கறுப்பு ரொட்டியை எடுத்து, ஜன்னலில் இருந்த கிண்ணத்துத் தண்ணீரில் நனைத்தாள். அவர் வாயின் நல்ல பக்கத்தில் ஒரு துண்டு. அதே கிண்ணத்திலிருந்து தன் வாயில் ஒரு துண்டு. ஊரே பார்க்கும்படி மென்று விழுங்கினாள்.

"இல்லை," என்றார் ரபோட்டோ சாமி.

"சரி சரி, தின்னுங்க," என்றாள் அவள்.

வால்டோவின் முகம் சிவந்துவிட்டது. "அவளை வெளிய கூப்பிடுங்கடா."

மூத்த காவலன் தலையைச் சொறிந்தான். "எப்படிங்க சாமி கூப்பிடறது? அவ அவரோட சாப்பிட்டுட்டாளே. பேசினா எங்களுக்கும் வந்துடும்."

"அப்போ இழுத்துட்டு வா."

"பேசவே கூடாதுன்னா தொடலாமுங்களா? நீங்க வேணா ஏட்டைப் பார்த்துச் சொல்லுங்க."

மீன்காரி ஒருத்தி சிரித்துவிட்டாள். மற்றவர்களுக்கும் அடக்க முடியவில்லை. ஏட்டில் அதற்கு விடை இல்லை. அடுத்த ஞாயிறு பெரிய கோயிலில் மறுபடியும் மெழுகுத்திரிகளை எறிந்து, 'மீன்துறையில் வசிக்கும் குனிஸா என்ற பெண்' என்று வாசித்தார்கள். மனைவி என்றும் வாசிக்கவில்லை, அடிமை என்றும் வாசிக்கவில்லை. அவ்வளவு கவனமாக நான் எந்தப் பூசையையும் கேட்டதில்லை. திரும்பி வந்து, அவள் வீட்டுச் சுவருக்கு வெளியே என் கழுதையை நிறுத்தி, அதன் காதில் உரக்கச் சொன்னேன்: "பொண்ணுன்னு மட்டும்தான் வாசிச்சாங்க, கேட்டியா கழுதை?"

உள்ளே விளக்குமாற்றுச் சத்தம் ஒரு நிமிடம் நின்று மறுபடி கேட்டது.

அதன்பிறகு தினமும் கழுதையோடு பேசினேன். கழுதையிடம் பேசக் கூடாது என்று போப்பாண்டவர் சொல்லவில்லை. "கேளு கழுதை, பக்கம் விழுந்த ஆளை ஜெப மணி அடிக்கிறப்பல்லாம் ஒருதரம் திருப்பணும். திருப்பும்போது செத்த கையை இழுக்காதே, தோள் கழண்டுடும். முதுகுக்கு ஆட்டுத்தோல், ரோமம் மேல்பக்கமா. தலையை உசத்தாம கஞ்சி ஊத்தினா நெஞ்சுக்குள்ள போயிடும்." கஞ்சிப் பானையைச் சுவர் மேல் வைத்துவிட்டு முதுகைக் காட்டி நிற்பேன். திரும்பும்போது பானை காலியாக இருக்கும். ஒருமுறை, முந்தின நாள் சுவர் மேல் நான் மறந்துவிட்டுப் போன என் கிழிந்த கையுறை, தைக்கப்பட்டுப் பானைக்குள் இருந்தது.

ரபோட்டோ சாமி பதினொரு வாரம் இருந்தார். முதுகில் ஒரே ஒரு புண், அதுவும் ஆறிவிட்டது. என் கட்டில்களில் கூட அப்படி அமைவது அபூர்வம். ஆனால் விலக்கு சும்மா போகவில்லை. அவளைப் பார்த்தால் மீன்காரிகள் தெருவை மாற்றினார்கள், சிரித்தவர்கள் உட்பட. கிணற்றுக்கு அவள் வந்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். கல்லெறிந்தவர்களும் உண்டு. யாரோடும் பேசாமல் இருந்ததில் அவளுக்குக் குரல் கம்மிவிட்டது, கடைசிவரை சரியாகவில்லை. அந்த மாதங்களில் லியூட்கார்டுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அதையும் கழுதைக்குத்தான் சொன்னேன்.

தவக்காலம் தொடங்குவதற்கு முன் அவர் இறந்தார். பூசுதல் இல்லை, மணி இல்லை. முடிவு நெருங்கிவிட்டதென்று நான் சொல்லியனுப்பியிருந்ததால், அதற்கு முந்தின நாள் மருமகன் எகினோ தெப்பத்தில் வந்து, ஆற்றங்கரையில் கோயில் வேலிக்கு வெளியே, உறைந்த மண்ணில் நீளமாக ஒரு குழி வெட்டினான். எதுக்கப்பா இது என்று ஹாட்டோ கேட்டதற்கு, தெப்பம் கட்டக் கம்பம் நடப்போவதாகச் சொன்னான். ஆறடி நீளத்துக்கா என்றான் ஹாட்டோ. பெரிய தெப்பம் என்றான் எகினோ. ஹாட்டோ அதற்கு மேல் கேட்கவில்லை. குனிஸா கணவனைக் கம்பளியில் சுற்றிப் பலகையில் வைத்துத் தானே இழுத்து வந்தாள். வழி நெடுக நாங்கள் முதுகைக் காட்டி நின்றோம். நாங்கள் செய்ய முடிந்த மரியாதை அதுதான்.

பனி உருகியதும் ராஜாவின் படை வந்தது. நடை ஆயர் நடையைக் கட்டினார். மோதிர ஆயரின் ஆட்கள் முதல் வேலையாக எல்லா விலக்கும் செல்லாது என்று அறிவித்தார்கள். பிறகு கொடியும் தூபமுமாக ஆற்றங்கரைக்கு வந்தார்கள். தங்கள் கட்சிக்காகச் செத்த குருவின் உடலைத் தோண்டி, கோயிலுக்குள் பீடத்தின் அருகே வைக்கப்போகிறார்களாம். அவர்களோடு வந்த குரு, பட்டுச் சட்டைக்காரர், குனிஸாவைக் குனிந்து வணங்கினார்.

"அம்மா, உங்க கணவருக்கு உரிய இடம் கிடைக்கப்போகுது. நீங்க பாடையோட முன்னால நடக்கணும்."

மனைவி என்று ஊர் அறிய ஒத்துக்கொள்ளும் அழைப்பு அது. அவளுக்கு அது புரியாமல் இல்லை. மண்வெட்டி பிடித்திருந்தவர்களுக்கு நடுவில் போய் அந்த மண்மேட்டின் மேல் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து நான் பார்ப்பது அபூர்வம்.

"அவர் எங்கயும் வரல சாமி."

"ஏம்மா? இது கோயில் மண் இல்லையே. வேலிக்கு வெளியயில்ல கிடக்காரு."

"ஆமா. இங்கேருந்து அவரை வெளிய போகச் சொல்ல யாராலும் முடியாது. உள்ள கொண்டுபோய் வச்சா, அடுத்த வருஷம் அவங்க வந்து தூக்கி வெளிய போடுவாங்க. அதுக்கடுத்த வருஷம் நீங்க வந்து உள்ள வைப்பீங்க. நான் நடந்தது போதும். அவரையும் நடக்க வைக்காதீங்க."

பட்டுச் சட்டைக்காரர் மூன்று நாழிகை பேசினார். திருச்சபை, ராஜா, நியாயம் என்று நிறையச் சொன்னார். அவள் எழுந்திருக்கவில்லை. தூபக்கலசத்தில் கரி தீர்ந்துபோனது. கடைசியில் மண்வெட்டிக்காரர்களுக்குப் பசித்தது, ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள்.